உங்கள் கதை எந்த வழியால் வரும்?

கதை எழுதுவது எப்படி என்று கேட்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான் ஒரே பதிலையே சொல்லி வந்தேன். முதலில் கரு, அடுத்துப் பாத்திரங்கள், அதன்பின் தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு. இவற்றை ஓர் ஒற்றையில் குறித்துக்கொண்ட பிறகே பேனையை எடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சிறுகதையைத் திறனாய்வு செய்யக் கற்றவன் நான். எழுதி முடிந்த கதையைப் பிரித்துப் பார்க்கும் முறையையே கதை எழுதும் முறையென்றும் எண்ணிவிட்டேன். அந்தத் தவறு ஒரு பிள்ளையின் கதையை நிறுத்திவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தமிழ்மொழித் தினப் போட்டிக்கென உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். கூடைக்குள் ஒரு கோழியோடு கடைசி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஓர் அம்மம்மா. படித்தபோது அவரை எனக்கு எங்கோ தெரியும் போலிருந்தது.

“முடிவு என்ன?” என்று கேட்டேன்.

“தெரியாது சேர். அவ பஸ்ஸிலை ஏறினாப் பிறகுதான் தெரியும்.”

நான் விடவில்லை. திட்டம் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். மறுவாரம் ஒழுங்கான திட்டம் வந்தது, கதை வரவில்லை. கேட்டபோது, “எல்லாம் தெரிஞ்சு போச்சு சேர், இனி எழுத என்ன இருக்கு?” என்றான். அதன்பின் அவன் கதையே எழுதவில்லை.

பெரிய எழுத்தாளர்கள் எவ்வாறு எழுதினார்கள் என்பதை அதற்குப் பிறகே தேடிப் படித்தேன். ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலொப் தபால் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்து, கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதியதாக, 1883 இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவரே கூறுகிறார். வேலைக்குப் போகுமுன் அன்றைய எழுத்து முடிந்துவிடும்.

பிராக் நகரத்து பிரான்ஸ் காஃப்காவும் அலுவலக ஊழியர்தான். பகலில் காப்புறுதி வேலை, எழுத்து இரவில். ‘தீர்ப்பு’ என்ற கதையை 1912 செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு பத்து மணிக்குத் தொடங்கி, மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரே இருப்பில் முடித்தார். இப்படித்தான் எழுத வேண்டும் என்று நாட்குறிப்பிலும் பதிந்தார். ஆனால் அவருடைய மூன்று நாவல்களும் முற்றுப்பெறவில்லை. ஓர் இரவில் சிறுகதை முடியலாம், நாவல் முடியுமா? ஒருவருக்கே கூட எல்லா வடிவத்துக்கும் ஒரே முறை பொருந்துவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

தொஸ்தயேவ்ஸ்கியின் அனுபவம் வேறு. பதிப்பாளருக்குக் கொடுத்த தவணை நெருங்கியபோது, 1866 ஒக்டோபரில் ‘சூதாடி’ நாவலை அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணுக்கு வாயால் சொல்லி 26 நாட்களில் முடித்தார். மறு ஆண்டு அன்னாவையே மணந்துகொண்டார். சொல்லி எழுதுவிக்கும் வழக்கத்தை அதன்பிறகும் கைவிடவில்லை. பேனையைக் கண்டதும் தயங்கி, வாய் திறந்தால் கதை கொட்டுபவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் யாருக்காவது கதையைச் சொல்லிப் பார்க்கலாம்.

அப்படியானால் நமக்கு ஏற்ற வழியை அறிவது எப்படி? நான் இப்போது மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். மூன்று சிறிய கதைகளை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். ஒன்றைத் திட்டமிட்டு எழுதுங்கள். இன்னொன்றை முடிவு தெரியாமல், ஓர் ஆளையோ ஒரு காட்சியையோ மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். மூன்றாவதை வாயால் சொல்லிவிட்டுப் பின்னர் எழுதுங்கள். எந்த நேரத்தில் எழுதினீர்கள், எங்கே நின்றுவிட்டீர்கள், மறுநாள் படித்தபோது எத்தனை வரி தேறியது என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். எத்தனை பக்கம் எழுதினோம் என்பதைவிட, மறுநாளும் அந்தக் கதையிடம் திரும்பிப் போக மனம் வந்ததா என்பதே முக்கியம்.

ஆனால் எந்த வழியில் வந்தவருக்கும் திருத்தி எழுதுவதிலிருந்து விடுதலை இல்லை. திட்டமிட்டு எழுதியவர் உயிரில்லாத இடங்களைத் தேட வேண்டும். திட்டமின்றி எழுதியவர் தேவையில்லாத இடங்களை வெட்ட வேண்டும். இருவருக்கும் உதவுவது, எழுதியதை உரத்து வாசிப்பது. கண் மன்னித்துவிடும் பிழையைக் காது மன்னிக்காது. வானொலிக் கதை கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இது புதிதல்ல.

எனக்கும் ஒரு வழி கிடைத்தது. பள்ளி தொடங்குமுன், வெறுமையான வகுப்பறையில் பின் வாங்கில் இருந்து நாளுக்கு அரைப் பக்கம். முடிவு தெரியாமலே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு அந்த மாணவனைப் பஸ் நிலையத்தில் கண்டேன். இப்போது அவன் ஒரு குடும்பத் தலைவன். மன்னிப்புக் கேட்பது போல, “தம்பி, அந்த அம்மம்மா என்ன ஆனா?” என்று கேட்டேன்.

சிரித்தான். “அவ இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறா சேர்.”

“ஏத்திவிடு, எங்கை போறா எண்டு பிறகு பாப்பம்” என்றேன்.