மூக்கால் பேசும் குழந்தை

மெல்லினம் மூக்கில் பிறக்கிறதென்று நன்னூலில் படித்திருக்கிறோம். வல்லினம் பிறக்கையில் மூக்கின் வழி அடைபட வேண்டுமென்பதை நாம் யோசிப்பதில்லை. உள்நாக்கு தொங்குகிறதே, அந்த மிருதுவான மேல்வாய்ச் சதைதான் கதவு. ப, த, ட என்னும்போது அது உயர்ந்து மூடுகிறது. ம, ந என்னும்போது இறங்கித் திறக்கிறது.

அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தைக்கு இந்தக் கதவு சரியாய் அமைவதில்லை. கர்ப்பத்தின் 3-வது மாதத்துக்குள் இருபுறமும் வளர்ந்து ஒட்டவேண்டிய அண்ணம் ஒட்டாமல் நின்றுவிடுகிறது. உதட்டுப் பிளவையும் சேர்த்தால், ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி. தாயார் கிரகணத்தன்று வெளியே வந்ததால் நேர்ந்தது என்பது பெற்றவள் மீது சுமத்தும் வீண் பழி.

இப்படிப் பிறந்த பையன் "பாட்டி" என்று வாசித்தால் "மாண்ணி" என்பதுபோல் கேட்கிறது. வகுப்பு சிரிக்கிறது. மறுநாள் வாசிக்கும் முறை அவனைத் தாண்டிப் போகிறது. சில மாதங்களில் மந்தன் என்று பெயரும் வாங்கிவிடுகிறான். அவனுடைய நோட்டைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை!

"18 மாதத்துக்குள் சஸ்திர சிகிச்சை ஆயிற்றே, பிறகும் ஏன்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். சிலருக்குத் தைத்த சதை போதிய நீளமில்லாமல் கதவு முழுவதும் மூடாது. மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். வேறு சிலருக்குக் கதவு மூடும். ஆனால், ஓடிப்போகும் காற்றைப் பிடிக்கக் குழந்தை முன்பே ஒரு தந்திரம் கற்றிருக்கும்: வல்லெழுத்துக்களைத் தொண்டையிலேயே நிறுத்திச் சொல்லும். இந்தப் பழக்கம் கத்தியால் போகாது. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் ஒவ்வோர் ஒலியாகப் புதிதாய்க் கற்கவேண்டும். நாக்கில் வசம்பு தேய்ப்பதும், பலூன் ஊதச் சொல்வதும் பேச்சைத் திருத்தா.

சில குழந்தைகளுக்கு மேல்தோல் மூடியிருக்க, உள்ளே தசை மட்டும் பிளந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் வரையில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருப்பது ஓர் அடையாளம். சந்தேகமிருந்தால், சிறு கண்ணாடியை மூக்கின் கீழ், வாயின் மூச்சுப் படாமல் பிடித்து, மெல்லெழுத்தே இல்லாத "பாப்பா", "தாத்தா" என்ற சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே கண்ணாடி மங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காதையும் கவனிக்க வேண்டும். நடுச்செவிக்குக் காற்றுப்போகும் குழாயைத் திறப்பதும் அண்ணத்துத் தசையே. ஆகையால் இக்குழந்தைகளுக்குச் செவிக்குள் நீர் தங்கிக் கேள்வி மந்தமாவது சகஜம். முதல் பெஞ்சில் இடம் கொடுங்கள். பலர் முன்னிலையில் "சரியாகச் சொல்" என்று அதட்டி ஒரு பயனுமில்லை. சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். வாசிக்கும் முறை அவனுக்கும் வரட்டும். சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்வது உபாத்தியாயரின் வேலை.