மானியமும் கணக்கும்

தாம்பரம், பல்லாவரம் போன்ற புறநகர்களில் ஏழையர்க்கு உழைக்கும் சிறு நிறுவனங்களின் ஊழியர்க்கு நான் அவ்வப்போது வகுப்பு நடத்துவதுண்டு. அவர்கள் பெரிதும் அஞ்சுவது பயன்பாட்டுச் சான்றிதழுக்கே. மானியம் உரிய பணிக்கே செலவாயிற்று என்பதைக் காட்டும் ஆவணம் அது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் அதனை அளித்தல் வேண்டும். ஆண்டுதோறும் வரும் மானியமாயின், முந்திய ஆண்டின் சான்றிதழும் தணிக்கை செய்த கணக்கும் வந்த பின்னரே, 75 விழுக்காட்டிற்கு மேற்பட்ட தொகை விடுவிக்கப்படும். எஞ்சிய கால் பங்கு நின்றுவிட்டால் வருந்துவோர் யார்? தையல் பழக வந்த ஏழைப் பெண்களே அல்லரோ?

ஆதலின், ஊழியரை விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லுதல் பயன் தராது. ஒரு மாதத்துப் பற்றுச்சீட்டுகளையும் வருகைப் பதிவேட்டையும் அவர்கள் கையில் கொடுத்து, அறிக்கை எழுதச் செய்தல் வேண்டும். முப்பதுபேர் கையொப்பமிட்ட நாளில் நாற்பது பேருக்குச் சாப்பாட்டுச் சீட்டு இருப்பின், பிழையை அவர்களே காண்பர். ஆண்டிறுதியில் தேடுவதினும் அன்றன்றே எழுதுவது எளிது என்பதும் விளங்கும்.

1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களில், எளிய பெண்கள் தம் சேமிப்புக்கும் கடனுக்கும் கணக்கெழுதப் பழகினர். அவர்களுக்கு இயன்றது, ஊதியம் பெறும் ஊழியர்க்கு இயலாதோ?