எஞ்சினில் தீ என்றால் பையை விட்டு இறங்குங்கள்

2024 மே 18 இரவு, பெங்களூரிலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் வலப்பக்க எஞ்சினில் தீ தெரிந்தது. விமானிகள் பெங்களூருக்கே திரும்பி இறக்கினார்கள். 179 பயணிகளும் 6 ஊழியர்களும் அவசர வழியாக வெளியேறினார்கள். சிலருக்குச் சிறு காயம், எல்லோரும் பிழைத்தார்கள்.

தமிழகக் கடலோரத்திலிருந்து வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் பலர். பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து முதல்முறையாக மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறவருக்கும் அவரை வழியனுப்பும் குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓடுதளத்தில் விமானம் வேகமெடுக்கும்போது தீ எச்சரிக்கை மணி அடித்தால் விமானி அங்கே உட்கார்ந்து யோசிக்க மாட்டார். அன்றைய எடை, காற்று, ஓடுதள நீளம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு வேகத்தைக் கிளம்புவதற்கு முன்பே குறித்து வைத்திருப்பார்கள். ‘வி ஒன்’ என்று அதற்குப் பெயர். அந்த வேகத்தை எட்டுவதற்குள் மணி அடித்தால் விமானத்தை நிறுத்துவார்கள். எட்டிவிட்டால், தீயோடுதான் மேலே எழும்புவார்கள். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை மடியும்போது படகை வெளியே எடுப்பவருக்கு இது புரியும்: ஓர் இடம் வரைக்கும் திரும்பலாம்; அதைத் தாண்டித் திருப்பினால் பக்கவாட்டில் அலை வாங்கிப் படகு கவிழும், முன்னே போவதுதான் பிழைக்கும் வழி. விமானத்திலும் அந்த வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் மிச்சமிருக்கும் ஓடுதளம் போதாது. இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினில் மேலேறும்படிதான் கட்டப்படுகிறது. அதனால் தீ தெரிந்தும் விமானம் ஏறுகிறதே என்று கூச்சல் போடாதீர்கள், எழுந்து ஓடாதீர்கள்.

பாதுகாப்பான உயரம் வந்ததும் ஒரு விமானி விமானத்தை ஓட்டுவார். மற்றவர் அந்த எஞ்சினின் விசையைக் குறைத்து, எரிபொருளை அடைத்து, தீக்கான கைப்பிடியை இழுப்பார். முதல் குப்பியைத் திறந்ததும் தீயணைப்பு மருந்து எஞ்சினைச் சுற்றிப் பாயும். தீ எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் சுமார் அரை நிமிடம் பொறுத்து இரண்டாவது குப்பியைத் திறப்பார். பிறகு திரும்பி வந்து இறங்குவார்கள். தீயணைப்பு வண்டிகள் அதற்குள் காத்திருக்கும்.

ஆபத்து பெரும்பாலும் தரைக்கு வந்த பிறகுதான். 1985 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு போயிங் 737 கிளம்பும்போதே எஞ்சின் உடைந்து தீப்பிடித்தது. டயர் வெடித்ததாக நினைத்த விமானி உடனே நிறுத்தினார். விமானம் ஓடுதளத்தை விட்டு மேலெழவே இல்லை. அப்படியும் 137 பேரில் 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையால். தரையோரம் வழிகாட்டும் விளக்கு, எளிதில் தீப்பற்றாத இருக்கை, அவசரக் கதவருகே அகலமான இடம் என்று இன்று நாம் காண்பவற்றில் பல அந்தச் சாவுகளுக்குப் பின் கட்டாயமானவை.

பாதிக் கதவுகளை மட்டும் திறந்து 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. அந்தச் சோதனையில் யாரும் மேல் தட்டிலிருந்து பை எடுப்பதில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேதா விமான நிலைய ஓடுதளத்தில் இன்னொரு விமானத்தோடு மோதி எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஊழியர் சொன்ன சொல்லைக் கேட்டார்கள், பையை விட்டார்கள்.

பையில்தானே பாஸ்போர்ட், பணம், ஒப்பந்தக் காகிதம் எல்லாம் இருக்கிறது என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால் விமானம் கிளம்புமுன் பாஸ்போர்ட்டையும் போனையும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்குச் சட்டம் இருக்கிறது. 1999 மாண்ட்ரீல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி, வெளிநாட்டுப் பயணத்தில் ஏற்றிவிட்ட பெட்டி எரிந்துபோனால் விமான நிறுவனம் பொறுப்பு. கைப்பைக்கு, நிறுவனத்தின் தவறு இருந்தால் பொறுப்பு. பெட்டி சேதமானால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

சறுக்கி இறங்கும்போது கால் உடைந்தாலும் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கோ உடற்காயத்துக்கோ, 1,51,880 சிறப்பு எடுப்புரிமை அலகு வரை, அதாவது ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேல் வரை, நிரூபிக்கப்பட்ட இழப்புக்கு ‘எங்கள் தவறு இல்லை’ என்று நிறுவனம் தப்ப முடியாது. அதற்கு மேலும் கேட்கலாம். 2010 மே 22 மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். துபாயிலிருந்து வீடு திரும்பியவர்கள். அவர்களில் ஒருவரின் குடும்பம் நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் 7.64 கோடி ரூபாய் தரச் சொன்னது. இறந்தவரின் சம்பளச் சான்றுதான் இப்படிப்பட்ட வழக்கின் அடித்தளம். வெளிநாடு போகிறவர்கள் ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவருக்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ கட்டாயம். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு. அந்தத் தாளும் வீட்டில் இருக்கட்டும்.

காயம் இல்லாமல் பயணம் மட்டும் ரத்தானால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கேளுங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு உணவும் கேட்கலாம். தராவிட்டால் ‘ஏர்சேவா’ செயலியிலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். வழக்குக்கு டெல்லி போக வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் தொடுக்கலாம்; டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

விபத்து நடந்த வாரத்தில் யாராவது காகிதம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்ட ஒரு வழக்கறிஞர் இல்லாமல் போடாதீர்கள். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தரும். ஆனால் துக்கத்தில் நாளைக் கடத்திவிடாதீர்கள்: விமானம் சேர வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு கடந்தால் இழப்பீடு கேட்கும் உரிமையே போய்விடும்.