நஞ்சை உறிஞ்சும் பெரணி

மண்ணில் கலந்த எண்ணெய்க் கழிவைக்கூட நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஆர்செனிக், ஈயம், காட்மியம் அப்படியல்ல. நூறாண்டு ஆனாலும் சிதையாது. நஞ்சேறிய மண்ணை லாரி லாரியாக அள்ளி வேறிடத்தில் கொட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். அதற்குச் செலவும் அதிகம், வளமான மேல்மண்ணும் போய்விடும்.

இதற்கு மாற்றுவழி காட்டியது ஒரு பெரணிச் செடி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரக்கட்டைகளுக்கு ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிவந்த பழைய ஆலை ஒன்றின் வளாகம். அங்கே முளைத்திருந்தவை உட்பட 14 வகைச் செடிகளை ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லேனா மா குழுவினர் சோதித்தனர். சீனப் பெரணியில் மட்டும் ஆர்செனிக் குவிந்திருந்தது. ஆர்செனிக் கலந்த மண்ணில் ஆறு வாரம் வளர்த்துப் பார்த்தபோது, உலர்ந்த இலையில் கிலோவுக்கு 22 கிராமுக்கு மேல் சேர்ந்திருந்தது. 2001ல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

இந்தப் பெரணி அபூர்வமானதல்ல. நம் ஊர்ப் பழைய சுவர்களின் செங்கல் இடுக்கிலும் முளைப்பதுதான். நீண்ட காம்பின் இருபுறமும் ஒல்லியான சிற்றிலைகள். இலையைத் திருப்பினால் ஓரம் நெடுக வித்துத்தூளின் பழுப்புக் கோடு.

எப்படிச் சாத்தியம்?

மண்ணிலுள்ள ஆர்செனேட் என்னும் ஆர்செனிக் வடிவம், வேதியியல் அமைப்பில் பாஸ்பேட்டை ஒத்திருக்கும். உரமென்று நினைத்து வேர் அதை உள்ளே விட்டுவிடுகிறது. மற்ற செடிகள் இதனால் வாடிப்போகும். பெரணியோ அதை ஆர்செனைட் என்னும் இன்னொரு வடிவமாக மாற்றி, இலைக்கு ஏற்றி, உயிரணுவுக்குள் இருக்கும் தனி அறையில் பூட்டிவைக்கிறது. இலைகளை அறுத்தெடுத்தால் நஞ்சும் கூடவே வெளியேறும். பெரணி மறுபடி துளிர்க்கும்.

முதல் உலகப்போரின்போது ரசாயன ஆயுதங்களைச் சோதித்த வாஷிங்டனின் ஸ்பிரிங் வேலி பகுதி, இன்று குடியிருப்பு. அங்கே ஆர்செனிக் படிந்த சில தோட்டங்களில் 2004 முதல் இந்தப் பெரணியை நட்டுப் பார்த்தார்கள்.

எச்சரிக்கை தேவை

வேர் எட்டும் ஆழம் வரைதான் மண் சுத்தமாகும். அதற்கும் பல ஆண்டுகள் பிடிக்கும். அறுத்த இலையே நச்சுக்கழிவு என்பதை மறக்கக் கூடாது. மாட்டுக்குப் போட்டால் நஞ்சு அதன் வயிற்றுக்குப் போகும். மக்கவைத்தால் மண்ணுக்கே திரும்பும். திறந்தவெளியில் எரித்தால் புகையோடு காற்றில் கலக்கும். பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாமல் செடி நடுவது வீண்வேலை.

தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலத்தில் பசுமை தெரிகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். சுத்தம் செய்து முடிக்கும்வரை அங்கே கீரையோ நெல்லோ பயிரிட வேண்டாம். சுத்தம் செய்யும் செலவை, கழிவைக் கொட்டியவர்களே ஏற்க வேண்டும்.