விஷத்தைத் திருடும் வண்ண நத்தை!

கோடைக்கானலில் மழை பெய்தால், முட்டைகோசுப் பாத்திகளில் ஓடில்லாத நத்தைகள் வந்துவிடும். இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும். அதன் மேல் ஒரு பிடி உப்பைத் தூவினால், உடம்பில் உள்ள நீரெல்லாம் வெளியேறிச் செத்துவிடும்.

ஆனால் இந்த நத்தைக்கு ஓர் உறவு உண்டு. அதற்கும் ஓடு கிடையாது. அது வாழ்வதோ உப்புக் கடலில்!

அதைப் பார்க்க மலையை விட்டு இறங்கி, கிழக்கே கடற்கரைக்குப் போகவேண்டும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில், வரிசையாகத் தீவுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பவளப் பாறைகள். அந்தப் பாறைகளில்தான் கடல் நத்தைகள் ஊர்கின்றன.

பளிச்சென்ற நிறம்

கடல் நத்தைகளில் பல ஜாதிகள் உண்டு. ஒன்றின் பெயர் "பில்லிடியா வேரிகோசா". வாயில் நுழையாத பெயர்தான்! விரல் நீளம் இருக்கும். கறுப்பு உடம்பு. முதுகில் நீல வரப்புகள். வரப்பின் மேல் மஞ்சள் கொப்புளங்கள்.

ஓடு இல்லை, பல் இல்லை, வேகமாக ஓடவும் முடியாது. இப்படிப் பகட்டாக ஊர்ந்தால் மீன்கள் சும்மா விடுமா?

விட்டுவிடுகின்றன! காரணம், விஷம். இந்த நத்தையைத் தொந்தரவு செய்தால் நாற்றமுள்ள ஒரு கோழையைக் கக்கும். மீன் தொட்டியில் இதைப் போட்டால், கூட இருக்கும் மீன்கள் செத்துப்போகும்.

திருட்டுச் சொத்து

விஷம் இதன் சொந்தச் சரக்கு அல்ல. பாறையில் ஒட்டி வளரும் கடல் பஞ்சுதான் இதன் ஆகாரம். (கடல் பஞ்சும் ஒரு பிராணியே, செடி அல்ல.) பஞ்சில் உள்ள விஷம் நத்தையை ஒன்றும் செய்வதில்லை. நத்தை அதைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. 1975-ல் ஹவாய்த் தீவு விஞ்ஞானிகள், நத்தையிலும் அது தின்ற பஞ்சிலும் ஒரே விஷம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

நிறம் ஓர் எச்சரிக்கைப் பலகை. ஒருவகைக் கடல் அட்டையின் குட்டி, விஷ நத்தையைப் போலவே வேஷம் போட்டுத் தப்பிக்கிறதாம்!

பாறை வேண்டும்

பொதுவாக, கடல் நத்தையின் குஞ்சுக்குச் சின்னஞ்சிறு ஓடு இருக்கும். நீரில் மிதந்து திரிந்து, தக்க பாறை கிடைத்ததும் ஓட்டை உதிர்த்துவிடும். பாறை இருந்தால்தான் பஞ்சு. பஞ்சு இருந்தால்தான் விஷம்.

அந்தப் பாறைகளைத்தான் மனிதர்கள் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுத்தார்கள். 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிப்போயின. 1986-ல் இப்பகுதி கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-ல் பவளம், புலியைப் போலவே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. வெட்டுவது நின்றது. ஆனால் 2016-ல் கடல் நீர் சூடாகி, பவளங்கள் வெளுத்தன. ஒரு பகுதி செத்தும் போயிற்று.