சாமானியர் கையிற் படக்கருவி

கண்ணாற் காணவேண்டிய கலையொன்றைப் பற்றி வானொலியிலே பேச முற்படுவது சற்றுத் துணிகரமான காரியந்தான். ஆயினும் வீடியோ என வழங்கும் இக்கலையின் வரலாற்றை ஆராயுமிடத்து முதலில் எழும் வினா, படம் எவ்வாறு இருந்தது என்பதன்று. படக்கருவியைப் பிடித்திருந்தவர் யார் என்பதே. அதனைச் சொல்லுதற்கும் கேட்பதற்கும் செவி போதும் என்ற துணிவிலேயே இப்பேச்சைத் தொடங்குகிறேன்.

1960களின் நடுப்பகுதி வரையில் அசையும் படம் எடுப்பதற்குப் பெரும் பொருளும் பல ஆட்களும் வேண்டியிருந்தன. சினிமா எடுப்போர், படச்சுருளை இரசாயனங்களிற் கழுவி எடுத்த பின்னரே தாம் எடுத்தது இன்னதென அறிந்தனர். தொலைக்காட்சிக்கோ கலையகமும், எளிதில் நகர்த்த முடியாத கனத்த கருவிகளும் வேண்டும். இந்நிலையில், 1967ஆம் ஆண்டளவில், ஜப்பானிய சோனிக் கம்பெனி 'போர்ட்டாபாக்' என்னும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையிலே ஒரு படக்கருவி, தோளிலே தொங்கும் ஒரு பதிவுப் பெட்டி, இரண்டையும் இணைக்கும் வயர், அவ்வளவே. அரை அங்குல அகலமுள்ள காந்த நாடாவிலே கறுப்பு வெள்ளைப் படமும் குரலும் சேர்ந்து பதிந்தன. படம் அத்துணைத் தெளிவானதன்று. ஆனால் நாடாவைக் கழுவ வேண்டியதில்லை. பதிந்ததை அன்றைக்கே போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிடில் அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். படம் பிடிக்கப்பட்டவர், பிடித்தவரின் பக்கத்தில் அமர்ந்து தம் முகத்தைத் தாமே பார்த்து, "இது சரியன்று, நான் சொல்ல வந்தது வேறு" என்று கூறும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

இவ்வாய்ப்பின் அருமையை உணர வேண்டுமாயின், இக்கருவி பரவுதற்குச் சற்று முன்னர் கனடாவின் கிழக்குக் கோடியில் நிகழ்ந்ததைப் பார்க்க வேண்டும். நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் போகோ என்றொரு தீவு உண்டு. அங்கே சிற்றூர்கள் சிலவற்றில் ஏறத்தாழ ஐயாயிரம் மீனவ மக்கள் வாழ்ந்தனர். தொழில் நலிவுற்றது, பலர் அரசாங்க உதவிப் பணத்தில் காலங்கழித்தனர். தீவை விட்டு வேறிடத்துக் குடியேறுங்கள் என்பது அரசாங்கத்தின் யோசனை. ஊருக்கு ஊர் சமயமும் பகையும் வேறுபட்டிருந்தமையால், மக்கள் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வரவும் இயலவில்லை.

1967இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபை, வறுமையை ஆராய்தற்பொருட்டுத் தொடங்கிய திட்டமொன்றின்கீழ், கொலின் லோ என்னும் இயக்குநர் இத்தீவுக்குச் சென்றார். அவர் கொண்டு சென்றது சினிமாக் கருவியே. ஆனால் அவர் கையாண்ட முறை புதியது. தீவின் துயரத்தைத் தொகுத்து ஒரு பெரும் படமாக்காமல், இருபதுக்கு மேற்பட்ட சிறு படங்களை அவர் எடுத்தார். ஒருவருடைய பேச்சு ஒரு படம். ஒரு கூட்டம் ஒரு படம். எடுத்தவற்றை முதலில் அதிற் பேசியவர்களுக்கே காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதியை நீக்கினார். அவர்கள் இசைந்த பின்பே அடுத்த ஊருக்குக் கொண்டு சென்றார்.

நேருக்கு நேர் பேச மனமில்லாதவர்கள், அயலூரார் திரையிற் பேசுவதை இடைமறிக்க வழியின்றி முழுவதும் கேட்டார்கள். தம் குறைகளையே அவர்களும் சொல்லுவதைக் கண்டார்கள். பின்னர் அப்படங்கள் அரசாங்கத்தாருக்குக் காட்டப்பட்டபோது, மீன்வளத்துறை அமைச்சரும் தம் மறுமொழியைப் படச்சுருளிலேயே பதிந்து அனுப்பினார். தீவினர் இடம்பெயரவில்லை, கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழிலைத் தாமே நடத்தத் தலைப்பட்டனர். படங்களால் மட்டும் இது நிகழ்ந்தது என்று நான் கூறமாட்டேன். சங்கம் அமைக்கும் எண்ணம் உடையார் அங்கே ஏற்கெனவே இருந்தனர். ஆயினும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கும்படி செய்தது அந்தத் திரையே.

போகோவிலே படக்கருவி இன்னும் வல்லுநர் கையிலேதான் இருந்தது. அடுத்த படி 1969இல் மொன்றியால் நகரில் எடுத்துவைக்கப்பட்டது. நகரின் நடுவே சென் ஜாக் என்னும் ஏழைக் குடியிருப்பு. அங்குள்ள பிரசைகள் குழுவொன்று தமக்கென ஒரு வைத்திய நிலையத்தை அமைக்கப் பாடுபட்டிருந்தது. பொனி கிளைன், டொறத்தி எனோ என்னும் இரு பெண்மணிகள் அக்குழுவினர் கையிலேயே வீடியோக் கருவியைக் கொடுத்துப் பழக்கினர். குழுவினர் தெருவிலிறங்கி அயலவரைப் பேட்டி கண்டனர். பதிந்ததைத் தாமே தெரிந்தெடுத்துக் கோத்துப் பொதுக்கூட்டங்களிற் காட்டினர். தம்மைத் தாமே திரையிற் கண்டபோது, "நாம் இவ்வளவு பேசுகிறோமா? எதிரே நிற்பவரைப் பேசவிடவில்லையே!" என்று சிலர் நாணியிருக்கவும் கூடும். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்று பேசிய எனக்கு அந்நாணம் நன்கு விளங்குகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அரசாங்கத்தைக் குறைகூறும் குரலை அரசாங்கப் பணமே பதிவு செய்தது. மக்கள் தம் மனக்கொதிப்பைத் திரையில் ஆற்றிக்கொண்டு வீடு திரும்புதற்கே இது உதவுமோ என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. அந்த ஐயத்தை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். திட்டமும் 1980அளவில் முடிவுற்றது.

இதுவரை கூறியவை கலையா, சமூக சேவையா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே கருவியைக் கலைஞர் ஒருவர் எவ்வாறு கையாண்டார் என்பதை இனிக் காண்போம்.

மார்தா ரொஸ்லர் 1943இல் நியூயோர்க்கின் புரூக்ளினிற் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. 1975இல் அவர் செய்த 'சமையலறையின் குறியியல்' என்னும் படைப்பு ஆறு நிமிட அளவே ஓடும். படக்கருவி ஓரிடத்தில் அசையாது நிற்கிறது. எதிரே மேசை, அடுப்பு, குளிர்ப்பெட்டி. ஒரு பெண் முகத்திற் சிரிப்பின்றி நிற்கிறாள். அக்காலத் தொலைக்காட்சியில் இனிமையாகச் சமையல் கற்பித்த நிகழ்ச்சிகளின் கோலந்தான். ஆனால் இங்கே சமையல் நடப்பதில்லை. ஆங்கில அரிச்சுவடியின் ஒழுங்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பாத்திரமோ கருவியோ எடுத்து, அதன் பெயரைச் சொல்லி, அதன் பயனைக் காட்டுகிறாள். மேலங்கியிற் தொடங்கிக் கிண்ணம், வெட்டுக்கத்தி, தட்டு என்று அது செல்கிறது.

பாலர் வகுப்பிற் கேட்ட பாடம் போலத் தொடங்கும் இது, போகப் போக வேறாகிறது. முள்ளுக்கரண்டி காற்றைக் குத்துகிறது. அகப்பையால் வெறுங்காற்றை மொண்டு, பரிமாறுவாள் என்று நாம் எதிர்பார்க்கும் வேளையில் அதைப் பக்கத்தில் வீசியெறிகிறாள். கடைசி எழுத்துக்களுக்குக் கருவியின் பெயரே இல்லை. கத்தியும் முள்ளும் ஏந்திய கைகளாலும் உடலாலும் எழுத்தின் வடிவத்தையே காட்டுகிறாள். இறுதி எழுத்தைக் கத்தியால் வெளியிற் கீறிவிட்டுத் தோளைக் குலுக்கி நிற்கிறாள். பார்ப்போர் முதலிற் சிரிப்பார்கள். பின்பு, வீட்டிலே அகப்பை பிடிக்கும் கையை நினைத்துச் சிரிப்பைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு சொற்கூடப் பெண்ணடிமையைப் பற்றி அதில் இல்லை என்பதே அதன் வலிமை எனக் கருதுகிறேன். மேடைப் பேச்சாக இருந்திருப்பின் ஐம்பது ஆண்டு கடந்தும் அதனை எவரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம் அயல்நாட்டிலும் இக்கலை வேரூன்றியுள்ளது. கராச்சியில் 1946இல் பிறந்து, பிரிவினையால் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் பெயர்ந்தவர் நளினி மலானி என்னும் ஓவியர். 1998 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுக்குண்டுச் சோதனை நடத்தின. அதன் பின்னர் அவ்வாண்டிலேயே அவர் ஒரு வீடியோப் படைப்பை உருவாக்கினார். பிரிவினையின் பின்னர் மனநோயாளரையும் இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டுக்கொண்டதாக மண்டோ எழுதிய உருதுச் சிறுகதை 'டோபா டேக் சிங்'. அதனை நினைவுகூரும் பெயரையே மலானி தம் படைப்புக்கு இட்டார்.

அதனுள் நுழைவோர் தரையிலே தகரப் பெட்டிகளைக் காண்பர்; அகதியாய்ப் புறப்படுவோர் தூக்கிச் செல்லும் வகைப் பெட்டிகள். திறந்த பெட்டிகளினுள்ளே சிறு திரைகள். அவற்றில் இடம்பெயர்ந்தோரின் காட்சிகள் ஓடுகின்றன. சுவர்களிலே பெரிய படங்கள். ஒரு சுவரில் குண்டு வெடிக்கிறது. அதற்கு இருபுறத்துச் சுவர்களிலும் இரு பெண்கள், எதிரெதிரே நின்று ஒரே சேலையை மடிக்க முயல்கின்றனர்.

சேலை மடிப்பது நம் வீடுகளில் நாள்தோறும் காணும் காட்சி. தாயும் மகளும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து, இழுத்து நேராக்கி, ஒருவரையொருவர் நோக்கி நடந்து வந்து கையோடு கை சேர்ப்பார்கள். இங்கே ஒருத்தி இந்தச் சுவரில், மற்றவள் அந்தச் சுவரில். நடந்து வருவதற்கு வழியில்லை. தலைப்புகள் சேரவேண்டிய நடுவிடத்தில், தகரப் பெட்டிகளுக்கிடையே, பார்க்க வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.