சிநேகிதனைப் பார்க்க டிக்கெட் எவ்வளவு? நெல்லைப் பெரியவர்களின் பயணக் கணக்கு!

நெல்லை:-

வயசான காலத்தில் மனுசனுக்கு என்ன வேண்டும்? நேரத்துக்குச் சாப்பாடு, மருந்து, தூக்கம் என்பார்கள். இன்னொன்றும் வேண்டும். பேச ஒரு சிநேகிதன்!

"என்ன வே, சௌக்கியமா?" என்று உரிமையோடு கேட்க ஒரு ஆள். பெற்ற பிள்ளை அப்படிக் கேட்க முடியாது. பேரன் கேட்டால் அடி விழும். கூடப் படித்தவரும், கூட வேலை பார்த்தவரும்தான் கேட்க முடியும்.

அந்த ஆள் அடுத்த தெருவில் இருந்தால் கவலை இல்லை. ஆறுமுகநேரியிலோ, அம்பாசமுத்திரத்திலோ, சென்னையில் மகன் வீட்டிலோ இருந்தால்? பஸ் ஏற வேண்டும். ரெயில் ஏற வேண்டும்.

வாலிபத்தில் நட்பு முறிவது சண்டையால். முதுமையில் முறிவது பெரும்பாலும் டிக்கெட்டால்! கணக்கைப் பாருங்கள், புரியும்.

போன சலுகை

2020 மார்ச் 20-ந் தேதி வரை மெயில், எக்ஸ்பிரஸ் ரெயில்களில் 60 வயதான ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி இருந்தது. பெண்களுக்கு 58 வயதிலேயே 50 சதவீதம்.

கொரோனா வந்தது. சலுகையை நிறுத்தினார்கள். கொரோனா போனது. ரெயில்கள் ஓடின. சலுகை மட்டும் திரும்பவில்லை!

2022 மார்ச் வரையிலான இரண்டே ஆண்டில் 7 கோடியே 31 லட்சம் மூத்த பயணிகள் சலுகை இல்லாமல் பயணம் செய்தார்கள். அதனால் ரெயில்வேக்குக் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 1,500 கோடி ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளிவந்த கணக்கு இது.

"தூங்கும் வசதி வகுப்பிலும், மூன்றாம் ஏ.சி. வகுப்பிலுமாவது திருப்பிக் கொடுங்கள்" என்று பாராளுமன்ற நிலைக்குழு பரிந்துரை செய்தது. "எல்லாப் பயணிகளுக்குமே சராசரியாக 46 சதவீதம் சலுகை விலையில்தான் டிக்கெட் தருகிறோம்" என்பது மத்திய அரசின் பதில். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கும் விஷயம் போனது. இது அரசின் கொள்கை முடிவு என்று மனு தள்ளுபடி ஆனது.

650 ரூபாய்!

நெல்லையில் இருந்து சென்னைக்குத் தூங்கும் வசதி டிக்கெட் 400 ரூபாய் அளவில் வருகிறது. ஒரு வயதான தம்பதி போய்த் திரும்பினால், பழைய சலுகை இல்லாததால் கையை விட்டுப் போவது கிட்டத்தட்ட 650 ரூபாய்.

இது பெரிய தொகையா என்று கேட்கலாம். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில்தான் 1,000 ரூபாயில் இருந்து 1,200 ஆக உயர்ந்தது. அதில் பாதிக்கு மேல் இந்த 650!

2023 செப்டம்பரில் நெல்லைக்கு வந்தே பாரத் ரெயிலும் வந்தது. எட்டு மணி நேரத்துக்குள் சென்னை. ஆனால் உட்கார்ந்து போக டிக்கெட் 1,500 ரூபாயைத் தாண்டும். ரெயில் வேகமாகத்தான் போகிறது, பென்ஷன்தான் கூட ஓட முடியவில்லை.

துஷ்டிக்கு எப்படிப் போவது?

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னால் பத்திரிகை வரும். டிக்கெட் முன்பதிவு செய்யலாம். துஷ்டிக்குப் பத்திரிகை கிடையாது!

"இன்னார் போயிட்டாராம்லா" என்று காலையில் போன் வரும். சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். நாற்பது வருசம் கூட இருந்தவனுடைய முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். தட்கல் டிக்கெட்டில் சலுகை அந்தக் காலத்திலேயே கிடையாது. முன்பதிவில்லாத பெட்டியில் முண்டி ஏற உடம்பில் தெம்பு வேண்டும்.

கடைசியில் என்ன நடக்கிறது? "பதினாறுக்குப் போய்க்கலாம்" என்கிறார்கள் வீட்டில். பதினாறும் போய்விடுகிறது.

வட்டத்தொட்டி

முதுமையிலும் நட்பை விடாமல் காப்பாற்றிய ஒரு பெரிய மனிதர் நம் ஊரிலேயே இருந்தார். ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார்!

1920-களில் வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நண்பர்கள் கூடுவார்கள். கம்பன் பாட்டும் பேச்சும் நடக்கும். 'வட்டத்தொட்டி' என்று அதற்குப் பெயர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய கமிஷனராக இருந்தார். கடைசிக் காலத்தில் குற்றாலத்தில் தங்கினார். ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்து பேசினார்கள். வர முடியாதவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. 1954-ல் மறையும் வரை வட்டம் கலையவில்லை.

அவர்கள் வசதி படைத்தவர்கள். குற்றாலத்துக்கு ரெயில் ஏற யோசிக்க வேண்டியதில்லை. கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவருக்கும், மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளைக்கும் வட்டத்தொட்டி வேண்டாமா? அவர்களுக்கு அந்த 40 சதவீதம்தான் கை கொடுத்தது.

பெண்கள் பாடு தேவலை

ஒரு விஷயத்தில் ஆச்சிமார்கள் கொடுத்து வைத்தவர்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பாளையங்கோட்டையில் இருந்து டவுனுக்கு வந்து, நெல்லையப்பர் கோவிலில் தோழியைப் பார்த்துவிட்டு, சல்லிக்காசு செலவில்லாமல் வீடு திரும்பலாம். "எங்கே போறே, எதுக்குக் காசு?" என்று மகனிடம் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணாச்சிமார்களுக்கு அந்த யோகம் இல்லை. சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகர பஸ்சில் மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கும் திட்டம் 2016-ல் வந்தது. அது சென்னையோடு சரி. தாமிரபரணிக் கரைக்கு வரவில்லை!

திருச்செந்தூர் பாசஞ்சரில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு ஆறுதல். கொரோனாவுக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கியதால் குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாயாக இருந்தது. 2024 பிப்ரவரியில் மறுபடி 10 ரூபாய் ஆனது.

கோவிலும் ஒரு சாக்கு

சிநேகிதனைப் பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். சாமி கும்பிடப் போகிறேன் என்றால் தடை சொல்ல மாட்டார்கள். இது பெரியவர்களுக்குத் தெரிந்த தந்திரம்.

புரட்டாசி சனிக்கிழமை நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிற்றுக்கிழமை நவகைலாயத்துக்கும் நெல்லையில் இருந்து அரசு சிறப்பு பஸ்கள் விடுவது வழக்கம். பாபநாசத்தில் ஆரம்பித்து சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றோடு ஒரு நாள் பயணம். ஒன்பது கோவில் முடிவதற்குள் பக்கத்து சீட்டுக்காரரின் மருமகள் குணம் வரை தெரிந்துவிடும்!

2024-ல் அறநிலையத்துறை அறுபடை வீட்டுக்கு இலவசச் சுற்றுலா தொடங்கியது. திருச்செந்தூரும் அதில் உண்டு. 60 முதல் 70 வயதுக்குள், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் 71 ஆனவர் என்ன பாவம் செய்தார்?

நடு இரவில் நின்ற ரெயில்

2023 டிசம்பர் 17-ந் தேதி இரவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! சென்னை புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் தவித்தார்கள். 19-ந் தேதிதான் முழுவதும் மீட்டார்கள். அதுவரை சோறு பொங்கிக் கொடுத்தது பக்கத்தில் உள்ள புதுக்குடி ஊர் மக்கள். யார், எவர் என்று கேட்கவில்லை.

தனியாகப் போகும் பெரியவர்களுக்கு வழித்துணை எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அதற்காக முன்ஜாக்கிரதையை விடக்கூடாது.

கவனிக்க!

டிக்கெட் பதியும்போது சரியான வயதைக் கொடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் உண்டு. ரெயிலில் தொந்தரவு என்றால் 139-க்கு போன் செய்யலாம். முதியோர் உதவிக்கு 14567. முன்பின் தெரியாதவர் பிரியமாகக் கொடுக்கும் பிஸ்கட், காபியை வாங்காதீர்கள்.

நாலு பேர் சேர்ந்து போங்கள். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பேச்சுக்குப் பேச்சு!

நாலு பேர் சேர்ந்து போக நாலு டிக்கெட் வேண்டும். தூங்கும் வசதிக்கு மட்டுமாவது பழைய சலுகையைக் கொடுத்தால் போதும் என்பதுதான் பெரியவர்கள் கேட்பது.

ரெயில்வே மனசு வைக்குமா?